ஜப்பான்ல கியோட்டோல ராத்திரி போட்டோ எடுக்கப் போறீங்களா, இதைப் படிச்சிட்டுப் போங்க

முதல் விஷயம், இருட்டறதுக்கு முன்னாடியே போய் நின்னுடுங்க. வானம் முழுசா கருத்துட்டா விளக்கு மட்டும்தான் தெரியும், மரவீடு, கூரை எல்லாம் காணாமப் போயிடும். சூரியன் மறைஞ்சு ஒரு 20 நிமிஷத்துல வானம் கருநீலமா ஆகும் பாருங்க, அதுதான் நேரம். டிசம்பர்ல 5 மணிக்கு முன்னாடியே சூரியன் போயிடும்.

அந்த நேரத்துக்கு யசாகா பகோடா கிட்ட இருங்க, அஞ்சு அடுக்கு கோபுரம், 46 மீட்டர் உயரம். அங்கிருந்து நடந்தே யசாகா கோயில், அது ராத்திரி பூரா திறந்திருக்கும், நடன மேடையைச் சுத்தி வரிசை வரிசையா காகித விளக்கு தொங்கும். அப்புறம் ஷிராகாவா வாய்க்கால், கடைசியா காமோ ஆத்தைத் தாண்டி பொன்தோச்சோ சந்து.

எல்லாரும் சொதப்பறது எக்ஸ்போஷர்லதான், அதாவது கேமரா எவ்வளவு வெளிச்சம் வாங்கணும்ங்கறதுல. கேமராவை அது இஷ்டத்துக்கு விட்டா இருட்டை வெளுப்பாக்கப் பார்க்கும், விளக்கு வெறும் வெள்ளை உருண்டையாயிடும். பொன்தோச்சோ விளக்குல சின்னதா ஒரு சிவப்புப் பறவை வரைஞ்சிருக்கும், அந்தப் பறவையும் காகிதத்துக்குள்ள இருக்கற குச்சி வளையமும் தெரியற வரைக்கும் வெளிச்சத்தைக் குறைங்க, சுத்தி இருட்டா இருந்தா இருக்கட்டும், அந்த ஊரோட அழகே அந்த இருட்டுதான். போன்ல விளக்கு மேல தொட்டு கீழ இழுத்தா போதும். கேமரான்னா அபர்ச்சர் எஃப் 1.8, ஷட்டர் 1/60 செகண்ட், ஐஎஸ்ஓ 1600ல ஆரம்பிங்க, வைட் பேலன்ஸை (கலர் டோனை முடிவு பண்ற செட்டிங்) ஆட்டோல விடாம 3500 கெல்வின் கிட்ட வைங்க, இல்லேன்னா அந்த மஞ்சள் சூடு போயிடும்.

மழை வந்தா ரூமுக்கு ஓடாதீங்க ப்ளீஸ்! ஷிராகாவா பக்கம் கல்லு பாவின தெரு, நனைஞ்சா ஒவ்வொரு கல்லுலயும் விளக்கோட பிம்பம் தெரியும், கேமராவை முழங்காலுக்குக் கீழ இறக்கிப் பாருங்க.

ட்ரைபாட் வேண்டாம், சந்து ரொம்பக் குறுகல், சுவத்துல சாஞ்சு எடுங்க. கியோன் பகுதியில இருக்கற ஹனமிகோஜி மெயின் தெருவுல நடக்கலாம், ஆனா அதுல பிரியற சின்னச் சந்தெல்லாம் தனியார் இடம், 2024லேர்ந்து டூரிஸ்ட்டுக்குத் தடை, மீறினா 10,000 யென் அபராதம்னு போர்டே இருக்கு. கெய்கோ (கியோட்டோல கெய்ஷாவை இப்படித்தான் சொல்வாங்க), மைக்கோ (கெய்கோ ஆகப் பயிற்சி எடுக்கறவங்க) யாராவது வந்தா வழி விட்டு கேமராவை இறக்கிடுங்க, அவங்க வேலைக்குப் போயிட்டிருக்காங்க, துரத்தாதீங்க.

காலுல தெம்பு இருந்தா திரும்பும்போது யசாகா பகோடா பக்கத்துல இருக்கற நினென்சாக்கா படிக்கட்டுத் தெரு வழியா வாங்க. கடையெல்லாம் சாத்தியிருக்கும், பகல்ல கால் வைக்க இடமில்லாத தெரு உங்களுக்கு மட்டும்னு கிடக்கும்.