போர்க்காலத் தளபதியின் ஆளுமை வகையைக் கணிப்பது எப்படி: ஜார்ஜ் மார்ஷலை வைத்து ஒரு செய்முறை

இறந்துபோன தளபதியிடம் கேள்வித்தாளை நீட்ட முடியாது. ஆட்களைப் பதினாறு ஆளுமை வகைகளாகப் பிரிக்கும் எம்பிடிஐ போன்ற சோதனைகளோ, ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்லும் பதில்களை நம்பியே இயங்குகின்றன. ஆகவே தூரத்திலிருந்து வகை கணிப்பவர் பதில்களுக்குப் பதிலாகச் செயல்களைச் சேர்க்க வேண்டும். நல்ல மாதிரி, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்த ஜார்ஜ் மார்ஷல். 1939 செப்டம்பர் 1 அன்று, ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்த அதே நாளில், பதவியேற்றவர். ஆவணங்கள் ஏராளம், கொள்கைப் பிடிப்புக்கும் பேர்போனவர்.

முதலில் பன்னிரண்டு சம்பவங்களைத் தனித்தனி அட்டைகளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் தேதி தெரிந்திருக்க வேண்டும், அவருக்கு வேறு வழியும் இருந்திருக்க வேண்டும், எடுத்த முடிவால் அவர் எதையாவது இழந்திருக்க வேண்டும், அல்லது இழக்கும் ஆபத்தாவது இருந்திருக்க வேண்டும். மேடைப் பேச்சுகளைச் சேர்க்காதீர்கள். அவற்றைப் பெரும்பாலும் உதவியாளர்கள் எழுதியிருப்பார்கள்.

அடுத்து அட்டைகளுக்கு மதிப்பெண். அன்றன்றே எழுதப்பட்ட கடிதம், உத்தரவு என்றால் 3. விசாரணையில் சத்தியம் செய்து சொன்னது 2. பல ஆண்டுகள் கழித்து நினைவுகூர்ந்தது 1. பெரும்பாலான கணிப்புகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். சுவையான சம்பவங்கள் அநேகமாக 1 மதிப்பெண்காரர்கள். திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு மெருகேறியவை.

மார்ஷலின் 3 மதிப்பெண் அட்டை ஒன்று: 1944 செப்டம்பர். அதிபர் தேர்தல் களத்தில் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற தாமஸ் டூயி, ஜப்பானியச் சங்கேதங்கள் உடைக்கப்பட்ட ரகசியத்தைப் பிரச்சாரத்தில் போட்டு உடைத்துவிடுவாரோ என்ற அச்சம் இருந்தது. மார்ஷல் டூயிக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார். இப்படி ஒரு கடிதம் போவது அதிபருக்கோ போர்த்துறைச் செயலருக்கோ தெரியாது என்று அதிலேயே சொன்னார். முதல் கடிதத்தின் தொடக்கத்தைப் படித்ததுமே டூயி திருப்பி அனுப்பினார். இரண்டாவதைப் படித்து, கடைசிவரை வாய் திறக்கவில்லை. இந்த அட்டையை வெறுமனே 'நேர்மை' என்று குறிக்காதீர்கள். தன் மேலதிகாரியைத் தாண்டிப் போகத் துணிந்தார், அதுவும் போர் ரகசியம் ஒன்றுக்காக மட்டும் என்று எழுதுங்கள். விதியைக் கண்மூடிப் பின்பற்றுபவர் இதைச் செய்யமாட்டார்.

இன்னொன்று 1943 டிசம்பர், கெய்ரோ. பிரான்சில் இறங்கும் படையெடுப்புக்குத் தலைமை தாங்க மார்ஷலுக்கு உள்ளூர ஆசை. ரூஸ்வெல்ட் அவர் விருப்பத்தைக் கேட்டார். அதிபர் எடுக்கும் எந்த முடிவுக்கும் மனமாரக் கட்டுப்படுவதாகச் சொன்னாரே தவிர, தன் ஆசையை வெளியிடவில்லை. பொறுப்பு இன்னொரு அமெரிக்கத் தளபதியான ஐசனோவருக்குப் போனது. ஸ்டாலினுக்கு அதை அறிவிக்கும் செய்தியை மார்ஷலே கைப்பட எழுதி, மறுநாள் அந்தத் தாளை நினைவாக வைத்துக்கொள்ளும்படி ஐசனோவருக்கு அனுப்பினார். உரையாடல் பின்னாள் நினைவு, எனவே 1. தாளோடு போன குறிப்பு அந்தச் சமயத்திலேயே எழுதியது, எனவே 3. ஒரே சம்பவத்துக்குள்ளும் இப்படிப் பிரித்து மதிப்பிட வேண்டும்.

இனி அச்சுகள், அதாவது எம்பிடிஐ வகையின் நான்கு எழுத்துகளைத் தீர்மானிக்கும் நான்கு எதிரெதிர் ஜோடிகள்: உள்முகம் அல்லது வெளிமுகம், புலன் அல்லது உள்ளுணர்வு, சிந்தனை அல்லது உணர்ச்சி, திட்டமிடல் அல்லது நெகிழ்வு. இராணுவத்தில் உயர்ந்தவர் யாரானாலும் சிந்தனை சார்ந்தவராகவும் திட்டமிட்டு முடிப்பவராகவும்தான் தெரிவார். சீருடையே அந்த இரண்டு எழுத்துகளை ஒட்டிவிடுகிறது. அதனால் சராசரி மனிதரோடு ஒப்பிடாமல், அதே நட்சத்திரங்கள் அணிந்தவர்களோடு ஒப்பிடுங்கள். அதே போரின் அமெரிக்கத் தளபதிகளான பேட்டனையும் மக்ஆர்தரையும் பக்கத்தில் நிறுத்தினால், விளம்பரத்திலிருந்து ஒதுங்கிய மார்ஷலின் உள்முகத் தன்மை பளிச்சென்று தெரியும். பதிப்பகங்கள் கேட்டும் அவர் தன் வரலாற்றை எழுத மறுத்தார்.

சிக்கலானது, கண்முன் உள்ள விவரத்தை நம்பும் புலன் சார்ந்தவரா, முழு வடிவத்தைத் தேடும் உள்ளுணர்வு சார்ந்தவரா என்பதுதான். முதல் பார்வைக்கு ஐஎஸ்டிஜே (உள்முகம், புலன், சிந்தனை, திட்டமிடல்): கடமை, ஒழுங்கு, மௌனம். ஆனால் 1938 நவம்பரில் பத்தாயிரம் விமானங்கள் வேண்டும் என்ற ரூஸ்வெல்ட்டின் திட்டத்துக்கு அறையில் எல்லோரும் தலையாட்டியபோது, தனக்கு உடன்பாடில்லை என்றார் மார்ஷல். விமானி, பயிற்சி, தரைப்படை எல்லாம் சேர்ந்த சமநிலை இல்லாமல் விமானம் மட்டும் போதாது என்பது அவர் கருத்து. அமெரிக்காவின் பென்னிங் காலாட்படைப் பள்ளியில் நீளமான எழுத்து உத்தரவுகளைக் குறைத்து, தகவல் அரைகுறையாக இருக்கும்போதே முடிவெடுக்கப் பழக்கினார். முழு அமைப்பையும் பார்க்கும் இந்தப் போக்கு என்னை ஐஎன்டிஜே (புலனுக்குப் பதில் உள்ளுணர்வு) பக்கம் சாய்க்கிறது. இரண்டையும் எழுதி வைத்து, எந்த அட்டை எதை வலுப்படுத்துகிறது என்று மதிப்பெண்ணைக் கூட்டிப் பாருங்கள். வித்தியாசம் நாலைந்துக்குள் நின்றால் அந்த எழுத்தை முடிவு செய்யாமல் விடுங்கள்.

கொள்கைப் பிடிப்பு என்பது பதினாறு வகைகளில் எதற்கும் சொந்தமில்லை. அதற்கு, ஆட்களை உள்நோக்கத்தை வைத்து ஒன்பது வகையாகப் பிரிக்கும் எனியாகிராம் கொஞ்சம் உதவும். ஒன்றாம் வகை தன் அளவுகோலுக்காக இழக்கும், மூன்றாம் வகை பெயருக்காக நேர்மையாக இருக்கும், ஆறாம் வகை தான் சார்ந்த இடத்துக்காக நிற்கும். யாருக்கும் தெரியாத நேரத்தில் என்ன செய்தார் என்பதே இவற்றைப் பிரிக்கும் கேள்வி. கோபம் ஆளைக் களைப்பாக்கிவிடும், அதற்கு இடம் கொடுக்க முடியாது என்று அவர் சொன்னதாக மனைவி நினைவுகூர்ந்தது ஒன்றாம் வகைக்குப் பொருந்துகிறது. ஆனாலும் அது 1 மதிப்பெண்தான்.

எதிர்ச் சான்று குறைந்தது மூன்று அட்டையாவது இருக்கட்டும். ஜப்பான் ஹவாயின் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய 1941 டிசம்பர் 7 காலையில் ஹவாய்க்கு எச்சரிக்கை அனுப்ப மேசையில் தொலைபேசி இருந்தும், ஒட்டுக்கேட்புக்கு அஞ்சி மார்ஷல் அதைப் பயன்படுத்தவில்லை. இராணுவ வானொலித் தொடர்பு கிடைக்காததால் செய்தி தனியார் தந்தி வழியே போனது. தாக்குதல் முடிந்த பிறகே சேர்ந்தது. அதற்கு முன்பு, நவம்பர் இறுதியில் ஹவாய்த் தளபதி அனுப்பிய பதிலில் நாசவேலைத் தடுப்பு மட்டுமே இருந்ததை அவர் கவனித்துத் தலையிடவில்லை. பின்னர் நாடாளுமன்ற விசாரணையில், தலையிட அதுவே தன் வாய்ப்பு, தான் செய்யவில்லை என்று ஒப்புக்கொண்டார். தவறிய செயல் ஒரு அட்டை, ஒப்புதல் தனி அட்டை. இரண்டையும் சேர்த்து 'பொறுப்பேற்றார்' என்று ஒரே அட்டையாக்கினால், கீழுள்ளவர்களை நம்பிவிட்டுப் பிறகு சரிபார்க்காத குணம் கணக்கிலிருந்தே மறைந்துபோகும்.

முடிவை எழுதும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் அதைத் தாங்கும் அட்டைகளின் எண்ணையும் மொத்த மதிப்பெண்ணையும் போடுங்கள். மார்ஷலுக்கு என் கணிப்பு: உள்முகம் உறுதி, சிந்தனையும் திட்டமிடலும் பதவியின் பங்கைக் கழித்த பிறகும் உறுதி, உள்ளுணர்வு சாய்வு மட்டுமே, எனியாகிராமில் ஒன்று. 3 மதிப்பெண் அட்டைகளை மட்டும் வைத்து ஒருமுறை மறுபடி கூட்டிப் பாருங்கள். எழுத்து மாறினால், உங்கள் முதல் கணிப்பு பிறர் சொன்ன கதைகளின் மேல் நின்றிருக்கிறது. புதிய அட்டைகள் தேட வேண்டியிருக்கும்.