ஷேக்ஸ்பியர் வசனத்தில் நடிகரின் அசைவைக் கண்டுபிடிப்பது எப்படி?

‘கிங் லியர்’ நான்காம் அங்கத்தில் லியரும் மகள் கார்டீலியாவும் மறுபடி சந்திக்கும் காட்சியை எங்கள் குழு தமிழில் போட எடுத்தது. யார் எப்போது நகர்வது என்று தெரியாமல் மூன்று ஒத்திகை போயின. விடை வசனத்திலேயே இருந்தது. நாங்கள் கண்டுபிடித்த வழி இது.

படி 1: பழைய பிரதியை எடுங்கள்

இன்றைய பதிப்புகளில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் மேடைக் குறிப்புகளில் பெரும்பாலானவை பதிப்பாசிரியர்கள் சேர்த்தவை. 1709-இல் நிக்கலஸ் ரோ போட்ட பதிப்பிலிருந்து அந்த வழக்கம் வளர்ந்தது. 1623-இல் வந்த முதல் ஃபோலியோவில், அதாவது ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பில், குறிப்புகள் மிகக் குறைவு. வருகை, வெளியேற்றம், சண்டை, எக்காளம் என்ற அளவில்தான் இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டு பாட்லியன் நூலகத்தின் ஃபோலியோ இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

படி 2: பார்ட்டைப் பிரித்தெழுதுங்கள்

ஷேக்ஸ்பியர் காலத்தில் நடிகர் கைக்கு முழு நாடகமும் வராது. அவருடைய வசனமும், அதற்கு முன் பேசுபவரின் கடைசி இரண்டு மூன்று சொற்களும் மட்டும்தான். அந்தச் சொற்கள்தான் க்யூ. நீளமான சுருளாக எழுதிய இதற்குப் பெயர் ‘பார்ட்’. நம் ராஜபார்ட், ஸ்திரீபார்ட்டில் இருக்கும் அதே சொல். அந்தக் கால நடிகர் எட்வர்ட் அலெய்ன், ராபர்ட் கிரீனின் ‘ஆர்லாண்டோ ஃப்யூரியோசோ’ நாடகத்தில் நடித்த ஆர்லாண்டோ பாத்திரத்தின் பார்ட் இன்றும் லண்டன் டல்லிச் கல்லூரியில் இருக்கிறது.

நீங்களும் தாளில் பென்சிலால் எழுதுங்கள். கைபேசி வேண்டாம், விரல் நகர்ந்தால் அடுத்தவர் வசனம் கண்ணில் பட்டுவிடும், அப்புறம் இந்தப் பயிற்சிக்கே பொருளில்லை.

படி 3: க்யூவில் அசைவைத் தேடுங்கள்

நாங்கள் சறுக்கிய இடம் இதுதான். கார்டீலியா சொல்கிறாள்: “என்னைப் பாருங்கள். கை வைத்து ஆசீர்வதியுங்கள். நீங்கள் மண்டியிடக் கூடாது.” மூன்று வாக்கியத்தில் மூன்று அசைவு இருக்கிறது. லியர் இன்னும் அவளைப் பார்க்கவில்லை. ஆசி கேட்பவள் குனிந்தோ மண்டியிட்டோ இருக்கிறாள். அதற்குள் கிழவரே அவள் முன் மண்டியிடப் போகிறார்.

ஆனால் கார்டீலியாவின் வசனம் லியராக நடிப்பவர் கையில் இல்லையே, மண்டியிட வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவருடைய க்யூவைப் பாருங்கள். ஆங்கிலத்தில் அந்தப் பேச்சு முடிவதே ‘மண்டியிடக் கூடாது’ என்ற சொற்களில்தான். அடுத்து லியர், “என்னைக் கேலி செய்யாதே” என்கிறார். அசைவுக்கான உத்தரவு அவர் தாளிலேயே க்யூவாக வந்து சேர்ந்துவிடுகிறது. இதைக் கண்டபோது எனக்குச் சிலிர்த்தது.

எங்கள் மொழிபெயர்ப்பிலோ “மண்டியிடாதீர்கள் அப்பா, வேண்டாம்” என்று இருந்தது. லியருக்குக் கிடைத்த க்யூ ‘அப்பா, வேண்டாம்’. எதை வேண்டாம் என்கிறாள் என்று தெரியாமல் அவர் சும்மா நின்றார். தமிழில் போடுபவர்கள் வேறு எதை மாற்றினாலும் பேச்சின் கடைசிச் சொற்களை மாற்றாதீர்கள்.

படி 4: வருகை

“இதோ வருகிறார்” என்று ஒருவர் சொன்னால் வருபவர் அதற்குள் நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும். லண்டனில் இருந்த ஃபார்ச்சூன் நாடக அரங்கின் 1600-ஆம் ஆண்டு கட்டட ஒப்பந்தப்படி மேடை 43 அடி அகலம்; ஆழம், 55 அடி நீள முற்றத்தின் பாதி வரை. கதவுகள் பின்சுவரில். அங்கிருந்து முன்னால் வர ஓரிரு வரி நேரம் ஆகும்.

பின்சேர்க்கை: பேசவே பேசாத பாத்திரத்துக்கு என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ‘மேக்பெத்’தில் பாங்கோவின் ஆவிக்கு வசனம் கிடையாது, அதனால் க்யூவும் கிடையாது. ஆவி வந்து மேக்பெத்தின் இருக்கையில் அமர்கிறது என்று ஃபோலியோ அங்கே வெளிப்படையாகவே குறிப்புப் போடுகிறது. தலையை உலுக்குவதும் அசைப்பதும் மேக்பெத் அதனிடம் பேசும் வரிகளில் வருகின்றன. ஆகவே மௌனப் பாத்திரத்துக்குப் பார்ட் எழுதும்போது, அதைப் பார்த்து மற்றவர் பேசும் வரிகளைச் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.