கோபத்தைக் கவனித்தால் மட்டும் போதுமா? தியானம் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டுத் தியானத்துக்குப் புதிதாக வருகிறவர்களைப் பார்க்கிறேன். பழைய ஆட்கள் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளை அப்படியே செய்கிறார்கள். கால் மரத்துப்போவது, தூக்கம் சொக்குவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். நாம் செய்வதன் விளைவு அடுத்தவர் தலையில் விழும் தவறுகள்தான் என் கவலை.

கோபத்தைக் கவனித்ததோடு கணக்கை முடிப்பது

இதைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஒருவர் சொன்னார்: "முக்கால் இன்ச் எல்போ எடுக்கச் சொன்னால் கடைப் பையன் அரை இன்ச் எடுத்துட்டு வந்தான். கஸ்டமர் முன்னாலயே கண்டபடி திட்டிட்டேன் சார். உடனே மூச்சைக் கவனிச்சேன். நெஞ்சில் சூடு, தாடையில் இறுக்கம், எல்லாம் தெரிஞ்சுது. ரெண்டு நிமிஷத்தில் கோபம் போயே போச்சு!" முகத்தில் அவ்வளவு திருப்தி. "பையன் என்ன ஆனான்?" என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை.

கோபம் போனது அவருக்கு. நாலு பேர் முன்னால் பேச்சு வாங்கியவனுக்கு அது அப்படியே இருக்கிறது.

புத்தர் தம் மகன் ராகுலனுக்குச் சொன்ன அறிவுரை ஒன்று புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூலான மஜ்ஜிம நிகாயத்தில் 61ஆவது சூத்திரமாக இருக்கிறது. கண்ணாடி எதற்கு என்று கேட்கிறார். பார்த்துக்கொள்வதற்கு என்கிறான் ராகுலன். அதேபோல உடலாலும் சொல்லாலும் மனதாலும் செய்யும் எதையும் செய்யும் முன், செய்யும்போது, செய்த பின் என மூன்று தடவை பார்க்கச் சொல்கிறார். இது எனக்கோ பிறருக்கோ துன்பம் தருமா என்பதே கேள்வி. செய்துகொண்டிருக்கும்போதே தெரிந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

செய்து முடித்த பின் தெரிந்தால்? மனதோடு நின்ற எண்ணம் என்றால் அதற்காக வெட்கப்பட்டு, இனி அடக்கத்தோடு இருக்க வேண்டும். உடலாலோ சொல்லாலோ செய்தது என்றால் அது போதாது. ஆசிரியரிடமோ அறிவுள்ள சக துறவிகளிடமோ வாய் திறந்து சொல்ல வேண்டும். நம் ஆட்கள் செய்வது என்னவென்றால், வாயால் செய்ததை மனதுக்குள்ளேயே தீர்த்துவிடப் பார்க்கிறார்கள்.

துறவிகள் அல்லாத நாம் செய்ய வேண்டியது, திட்டு வாங்கியவரிடமே போய்ச் சொல்வது. அன்றைக்கே, கடை மூடுவதற்குள். பலர் முன்னால் திட்டியிருந்தால் பலர் முன்னால்தான் சொல்ல வேண்டும். "நான் பேசினது தப்புப்பா." அவ்வளவு போதும். "ஆனா நீயும் கொஞ்சம் பார்த்து எடுத்திருக்கலாம்" என்று ஒட்டுப் போடாதீர்கள்.

எல்லாவற்றையும் முன்வினை என்பது

அதேபோன்ற இன்னொரு தொகுப்பான சம்யுத்த நிகாயத்தில், எல்லாமே முன்வினைதான் என்கிறார்களே என்று சிவகன் என்பவர் புத்தரிடம் கேட்கிறார். நாம் படும் வேதனைக்குப் பித்தம், கபம், வாதம், பருவ மாற்றம் என்று எட்டுக் காரணங்களைப் புத்தர் அடுக்குகிறார். முன்வினை அந்த எட்டில் ஒன்று மட்டுமே. ஆகவே ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரிடம் போய் "எல்லாம் உங்க கர்மா" என்று சொல்லாதீர்கள். அது தத்துவமும் இல்லை, ஆறுதலும் இல்லை.

"என் எண்ணம் நல்லதுதானே?"

சேதனையை, அதாவது நோக்கத்தைத்தான் புத்தர் கர்மம் என்றார். உண்மை. நோக்கம் நல்லதாக இருந்தாலும் செய்த பின் பார் என்று சொன்னவரும் அவரே.

சீலத்தைச் சடங்காக நினைப்பது

விபாசனா தியானம் கற்பித்த எஸ்.என். கோயங்காவின் மரபில் நடக்கும் பத்து நாள் முகாமில் ஆரம்பத்திலேயே சீலம், அதாவது பொய் சொல்லாமை போன்ற ஒழுக்க விதிகளை, ஏற்கச் சொல்கிறார்கள். மௌனமாக இருக்கும்வரை பொய் சொல்ல வழியே இல்லை. வீட்டுக்கு வந்து, "எங்கே இருக்கே?" என்று ஒரு போன் வரும்போதுதான் அந்தச் சீலத்துக்கு வேலை.

அனுபவங்களை ஒப்பிடுவது

வேண்டாம்.

குற்றவுணர்வில் ஊறிக் கிடப்பது

சொல்லியாகிவிட்டதா? விடுங்கள்.

தப்பை மட்டுமே தேடுவது

ராகுலனுக்குச் சொன்னதில் பலர் கவனிக்காத பகுதி இது. பார்த்ததில் யாருக்கும் துன்பம் இல்லை, நன்மைதான் என்று தெரிந்தால் மகிழ்ச்சியோடு இரவும் பகலும் பழகு என்கிறார். ராத்திரி படுக்கும் முன் அன்றைய நாளைத் திருப்பிப் பார்க்கிறவர்கள் இதையும் சேர்த்துப் பாருங்கள். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தது, நாக்கு நுனிவரை வந்த சொல்லை விழுங்கியது, எல்லாமே கணக்கில் வரும்.