லினக்ஸில் ஸ்பேஸ்மவுஸ்: பிளெண்டரோடு பொருத்துவது எப்படி?

பிளெண்டர் மாதிரி 3டி நிரல்களில் மாடலைத் திருப்பி நகர்த்திப் பார்க்க உதவும், குமிழ் வைத்த சாதனம்தான் ஸ்பேஸ்மவுஸ். அது கைக்கு வந்த முதல் இரண்டு நாளும் அதைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். குமிழை முன்னால் தள்ளினால் மாடல் மேலே போகும். மேலே தூக்கினால் பெரிதாகும். லேசாகத் திருகினால் திரையை விட்டே ஓடிவிடும். சாதனத்தில் ஒரு குறையும் இல்லை. ஒரே டிக்கை இரண்டு இடத்தில் போட்டு வைத்திருந்தது நான்தான். அந்தக் கூத்து படி 3-ல் வருகிறது. அவசரக்காரர்கள் நேராக அங்கே போகலாம்.

மவுஸின் நடுச் சக்கரத்தை அழுத்திக் காட்சியைச் சுற்றும் அளவுக்கு பிளெண்டர் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என்னிடம் இருப்பது லினக்ஸ் மின்ட், பிளெண்டர் 4.2, ஸ்பேஸ்மவுஸ் காம்பாக்ட். மெனுப் பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும்.

எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: காம்பாக்ட் போதும். அதில் இரண்டே பட்டன். ப்ரோவில் 15, என்டர்பிரைஸில் 31. அத்தனை பட்டனையும் மனப்பாடம் செய்வதற்குப் பதில் கீபோர்டு ஷார்ட்கட் இரண்டைக் கூடுதலாகப் படிக்கலாம். மேசையை விட்டு நகராத சாதனத்துக்கு வயர்லெஸ் எதற்கு என்பதும் எனக்குப் புரியவில்லை. 2006-ல் வந்த பழைய ஸ்பேஸ்நேவிகேட்டர் யாரிடமாவது சும்மா கிடந்தால் தயங்காமல் வாங்குங்கள். லினக்ஸில் இன்றும் ஓடும்.

படி 1: டிரைவர்

லினக்ஸில் இதற்கு ஜான் சியோம்பிகாஸ் எழுதிய ஸ்பேஸ்நேவ்டி என்ற திறமூல டிரைவர் இருக்கிறது. சினாப்டிக்கில் (நிரல்களைத் தேடி நிறுவும் கருவி) தேடி நிறுவுங்கள். கூடவே அதன் அமைப்புகளுக்கான சின்ன ஜன்னல் நிரல், எஸ்பி-நேவ்-சிஎஃப்ஜி, அதையும் போட்டுக்கொள்ளுங்கள். டெர்மினல் பழகியவர்களுக்கு இது ஒரு வரி வேலை.

பிளெண்டர் திறந்திருக்கும்போது டிரைவரை நிறுவினால் குமிழை எப்படி ஆட்டினாலும் அசைவே இருக்காது. பிளெண்டரை மூடித் திறந்தால் சரியாகிவிடும். டிரைவர் முதலில், பிளெண்டர் பிறகு.

விண்டோஸ்காரர்கள் 3டிகனெக்‌ஷன் (ஸ்பேஸ்மவுஸைத் தயாரிக்கும் நிறுவனம்) தளத்திலிருந்து அவர்களுடைய டிரைவரை இறக்கிக்கொண்டு படி 2-க்கு வரலாம்.

படி 2: வைக்கும் இடம்

வலது கை மவுஸில் இருக்கும், ஆகவே இது இடது கைக்கு. கேபிள் உங்களுக்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும். சாதனம் கொஞ்சம் திரும்பியிருந்தாலும் நீங்கள் நேராகத் தள்ளுவது அதற்குக் கோணலாகத்தான் படும்.

கையில் எடுத்தால் காம்பாக்ட் கனக்கும், 480 கிராம். அந்தக் கனம் வேண்டுமென்றே வைத்தது. குமிழை மேலே இழுக்கும்போது பெட்டியும் சேர்ந்து கிளம்பிவிடக் கூடாதே. அதனால் மெத்தென்ற மவுஸ்பேடு மேல் வைக்காமல் வெறும் மேசையில் வையுங்கள்.

சுற்றிலும் நாலு விரல் இடம் காலியாக இருக்கட்டும். ஒரு நாள் சாயங்காலம் முழுக்க என் மாடல் தானாகவே சுழன்றுகொண்டிருந்தது, ஒன்றாம் வேகத்தில் வைத்த மின்விசிறி மாதிரி. டிரைவரை இரண்டு முறை கழற்றி மாட்டினேன். கேபிளை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் பக்கத்தில் கிடந்த டைரியின் மூலை குமிழில் சாய்ந்திருந்தது.

படி 3: திசை (இங்கேதான் எல்லோரும் விழுவார்கள்)

எந்த டிக்கையும் தொடும் முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்: குமிழைப் பிடித்திருக்கும் கையில் இருப்பது பொருளா, உங்கள் கண்ணா?

பொருள் என்றால், குமிழை வலப்பக்கம் தள்ளும்போது பொருள் வலப்பக்கம் போகும். தூக்கினால் பொருள் எழும்பும். முன்னால் தள்ளினால் தள்ளிப்போய்ச் சிறிதாகும். கண் என்றால் எல்லாமே தலைகீழ். நீங்கள் வலப்பக்கம் நகர்கிறீர்கள், ஆகவே பொருள் திரையில் இடப்பக்கம் போகும். முன்னால் தள்ளினால் நீங்கள் நெருங்குகிறீர்கள், பொருள் பெரிதாகும். இரண்டுமே சரியான முறைதான். ஒரு பாகத்தைச் செதுக்குபவருக்கு முதலாவது வசதி, ஒரு கட்டடத்துக்குள் நடந்து பார்ப்பவருக்கு இரண்டாவது. கலந்துவிட்டால்தான் தலை சுற்றும்.

இந்தச் சாதனத்தின் பிறப்பைப் பார்த்தாலும் பொருள்பக்கம்தான் சாயத் தோன்றுகிறது. ஜெர்மன் விண்வெளி ஆய்வு மையத்தில் கெர்ட் ஹிர்ட்சிங்கரின் குழு ரோபோ கையை ஆட்டுவிக்க உருவாக்கிய கட்டுப்பாட்டுப் பந்துதான் இதன் மூதாதை. 1993-ல் கொலம்பியா விண்கலத்தில் பறந்த ரோடெக்ஸ் சோதனையில் அப்படியொரு பந்தை வைத்துத்தான் விண்வெளி வீரர்கள் ரோபோ கையை நகர்த்தினார்கள். எங்கோ இருக்கும் ஒன்றைக் கையில் பிடித்த மாதிரி நகர்த்துவதற்காகப் பிறந்த பொருள்.

இப்போது வேலை. பிளெண்டரில் எடிட், பிரிஃபரன்சஸ், இன்புட் போனால் என்டிஓஎஃப் என்ற பகுதி இருக்கும், இந்த மாதிரிச் சாதனங்களுக்கானது. நேவிகேஷனில் ஆர்பிட், ரொட்டேஷனில் டர்ன்டேபிள் வையுங்கள். 'ஷோ நேவிகேஷன் கைடு' டிக்கைப் போடுங்கள். எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்புகிறது என்று தெரியும்.

புதிய கோப்பில் கனசதுரத்தை நீக்கிவிட்டு, ஷிஃப்ட்டோடு ஏ அழுத்தி, மெஷ்ஷில் மங்கியைக் கொண்டுவாருங்கள். கனசதுரம் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி, சோதனைக்கு உதவாது. குரங்குக்கு முகம் இருக்கிறது. வலம் இடம், முன் பின், மேல் கீழ் என்று ஒவ்வொன்றாகச் செய்து, தவறாக ஓடும் திசைக்கு மட்டும் 'இன்வர்ட்' டிக்கைப் போடுங்கள். பிறகு முன்னால் சாய்ப்பது, பாட்டில் மூடி மாதிரித் திருகுவது. பக்கவாட்டில் சாய்த்தால் ஒன்றும் நடக்காது. அது பழுதல்ல, டர்ன்டேபிளின் குணம். அடிவானம் சாயாமல் பார்த்துக்கொள்கிறது.

முன்னால் தள்ளினால் பொருள் மேலே போகிறதா? 'ஸ்வாப் ஒய் அண்ட் இசட்' என்ற டிக்கைப் போடுங்கள். நானும் அதைத்தான் போட்டேன். ஆனால் முதல் நாளே எஸ்பி-நேவ்-சிஎஃப்ஜியில் துழாவியபோது அங்கேயும் அதே மாற்று டிக்கைப் போட்டு வைத்திருந்தேன். டிரைவர் ஒரு முறை மாற்ற, பிளெண்டர் மறுபடி மாற்ற, போன இடத்துக்கே வந்து நின்றது. ஒன்றை எடுத்தால் மாறும், பிறகு இன்னொன்றையும் எடுப்பேன், பழையபடி ஆகிவிடும். இரண்டு நாள்.

அதனால் சொல்கிறேன்: டிரைவர் பக்கம் திசையைத் தொடவே தொடாதீர்கள். தொட்டிருந்தால் எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். டிரைவரில் செய்யும் மாற்றம் எல்லா நிரலையும் பாதிக்கும். பிளெண்டரில் செய்வது பிளெண்டரோடு நிற்கும்.

படி 4: வேகம்

பான் சென்சிடிவிட்டி (நகரும் வேகம்), ஆர்பிட் சென்சிடிவிட்டி (சுற்றும் வேகம்) இரண்டையும் இருப்பதில் பாதியாகக் குறையுங்கள். ஒரு வாரம் கழித்து ஏற்றிக்கொள்ளலாம். தொடாதபோதும் காட்சி நகர்ந்தால் (டைரி இல்லை என்று உறுதி செய்த பிறகு!) டெட்ஜோனை, அதாவது எவ்வளவு சின்ன அசைவைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்ற அளவை, கொஞ்சம் கூட்டுங்கள். நான் 0.1 வைத்திருக்கிறேன்.

படி 5: கை

குமிழைக் கியர் கம்பி மாதிரி இறுக்கிப் பிடிக்காதீர்கள். இட்லி வெந்ததா என்று விரல் வைத்துப் பார்ப்போமே, அந்த அழுத்தம் போதும். கட்டை விரலும் நடு விரலும் ஓரத்தில், ஆள்காட்டி விரல் மேலே. மணிக்கட்டு மேசையில் படிந்திருக்கட்டும்.

முதல் நாள் திருகுவது மட்டும். மறுநாள் திருகுவதோடு முன் பின். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆட்ட முயன்றால் எதுவும் வராது. எனக்குக் கை பழக ஒரு வாரம் ஆனது. ஸ்கல்ப்ட் செய்யும்போது இடது கை களிமண்ணைத் திருப்பிக் கொடுக்க, வலது கையில் பேனா நிற்காமல் வேலை செய்கிற அந்த நிலை வந்ததும் நடுச் சக்கரத்தை அழுத்துவதே மறந்துபோனது.

விண்டோஸ் இருந்தால் பயிற்சிக்கு கூகுள் எர்த் ப்ரோவைச் சொல்வேன். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், நேவிகேஷனில் 'எனேபிள் கன்ட்ரோலர்' டிக். அங்கே உங்கள் கையில் இருப்பது கண், பறவையாகப் பறக்கலாம். பல திரைகளைச் சுற்றி நிறுத்திப் பூமியைக் காட்டும் கூகுளின் லிக்விட் கேலக்ஸியிலும் பார்வையாளர் கையில் கொடுப்பது இந்தக் குமிழைத்தான். கூகுள் எர்த்தில் இந்தத் திசை பிடிக்காவிட்டால் அந்த 'எனேபிள் கன்ட்ரோலர்' பக்கத்திலேயே 'ரிவர்ஸ் கன்ட்ரோல்ஸ்' இருக்கிறது.

பின்சேர்க்கை 1: "அண்ணா, பொருளுக்குக் கிட்டப் போனதும் சாதனம் செத்துவிடுகிறது" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சாகவில்லை. பிளெண்டரில் நகரும் வேகம், காட்சியின் மையப் புள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கிட்டப் போகப்போக அடி சிறுத்துக்கொண்டே வந்து நின்றுவிட்ட மாதிரி தெரியும். வேண்டிய பொருளைத் தேர்ந்தெடுத்து நம்பர்பேடின் புள்ளி விசையை அழுத்துங்கள், மையம் அங்கே வந்துவிடும். நம்பர்பேடு இல்லாத லேப்டாப்பில், டேப் விசைக்கு மேலே இருக்கும் விசையை அழுத்தினால் வரும் வட்ட மெனுவில் 'வியூ செலக்டட்'.

பின்சேர்க்கை 2: ஃப்ரீகேட் (பாகங்களை அளவோடு வடிவமைக்கும் 3டி நிரல்) பயன்படுத்துபவர்களுக்கு: டூல்ஸ், கஸ்டமைஸ் போனால் 'ஸ்பேஸ்பால் மோஷன்' என்ற தாவல் இருக்கும். திசை, வேகம் எல்லாம் அங்கே தனியாக. அதே குமிழ், அதே டிரைவர்தான் என்றாலும் பிளெண்டரில் போட்ட டிக் எதுவும் இங்கே வராது, குரங்குச் சோதனையை ஒரு பெட்டியை வைத்து மறுபடி செய்ய வேண்டியதுதான். பெட்டியின் ஒரு முகத்தில் மட்டும் ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள், எது முன்பக்கம் என்று தெரியும்.