மணி அடித்த பிறகு எதை யோசிப்பது?

என் முதல் குத்துச்சண்டைப் போட்டியில் யோசித்துக்கொண்டே அடி வாங்கினேன். 'ஜாப் (முன்னால் இருக்கும் கையின் நேர்க்குத்து) போடணும், பட்டதும் கிராஸ் (பின்னால் இருக்கும் கையின் நேர்க்குத்து), அப்புறம் இடது பக்கம் நகரணும்' என்று மனசுக்குள் வரிசை போட்டு முடிப்பதற்குள் எதிராளியின் வலது கை என் மூக்கில் இறங்கிவிட்டது. அடுத்த ரவுண்டில் அதற்கு நேர்மாறு. எதையும் யோசிக்காமல் கை போன போக்கில் வீசினேன். ஒன்றரை நிமிடத்தில் தோள் இரும்பாய்க் கனத்தது. மூன்றாவது ரவுண்டு எனக்குச் சரியாக ஞாபகமே இல்லை.

இப்போது என்னிடம் பழக வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது இதைத்தான்: ரிங்கில் யோசிக்கணுமா, உடம்பு பார்த்துக்கும் என்று விட்டுடணுமா? நான் சொல்வது: குத்தை உடம்பிடம் விடுங்கள், ஆளை மட்டும் யோசியுங்கள்.

காரணம் எளிய கணக்குதான். கண் ஒன்றைப் பார்த்து, கை அசையத் தொடங்கவே சுமார் 0.2 நொடி ஆகிவிடும். நல்ல ஜாப் வந்து சேரவும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும். க்ளவுஸைப் பார்த்து முடிவெடுத்தால் எப்போதும் தாமதம். அதனால் பார்வையை எதிராளியின் நெஞ்சின் மேல்பகுதியில் நிறுத்துங்கள். அங்கிருந்தே இரண்டு தோளும் தெரியும், ஓரக்கண்ணில் இடுப்பும் காலும் தெரியும். வலது கை கிளம்புவதற்கு ஒரு கணம் முன்னால் தோள் லேசாகத் திரும்பும், பின்னங்கால் குதிகால் தரையை விட்டு எழும். சிலர் மூக்கால் சர்ரென்று மூச்சிழுப்பார்கள். பழகிய உடம்பு விலகுவது இவற்றைப் பார்த்துத்தான்.

பழகிய உடம்பு என்பதை அழுத்திச் சொல்கிறேன். பிறவியில் வந்த உள்ளுணர்வு கண்ணை மூடும், முகத்தைத் திருப்பும், மூச்சைப் பிடிக்கும். மூன்றும் ரிங்கில் ஆபத்து.

பழக்குவது எப்படி? பேட் (குத்து வாங்கக் கையில் மாட்டும் மெத்தை) பிடிக்கிறவரிடம் "ஒன்று, இரண்டு" என்று கூவ வேண்டாம் எனச் சொல்லுங்கள். கூவினால் காதுதான் பழகும். எதிராளி கூவிவிட்டா அடிப்பான்? பேட் திடீரென்று முகத்துக்கு நேரே எழ வேண்டும், நீங்கள் அடிக்க வேண்டும். அடித்த கை தாடைக்குத் திரும்பாவிட்டால் அதே பேட்டால் கன்னத்தில் ஒரு தட்டு. முதல் வாரம் மெதுவாகவே போகட்டும். அப்புறம் ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், இருவரும் ஜாப் மட்டும் போடும் ரவுண்டுகள். தேர்வு குறைந்தால் கண் சீக்கிரம் பழகும். சலிப்பாகத்தான் இருக்கும், செய்யுங்கள்.

சரி, மூளைக்கு என்ன வேலை? முதல் ரவுண்டில் ஜாப் ஒரு கேள்வி. படுகிறதா என்று பார்க்காதீர்கள், எதிராளி என்ன செய்கிறான் என்று பாருங்கள். பின்வாங்குகிறானா, வலது கையால் தட்டுகிறானா, கார்டை (முகத்தைக் காக்கும் கைகளை) உயர்த்தி விலாவைத் திறந்துவிடுகிறானா? ஒரே பதில் இரண்டு மூன்று முறை வந்தால் அது அவன் பழக்கம். கார்டை உயர்த்துகிறவன் என்றால், அடுத்த முறை ஜாப் போடுவதுபோல் தோளை மட்டும் அசைத்துவிட்டு விலாவில் இறக்குங்கள்.

பழக்கம் நம்மையும் காட்டிக்கொடுக்கும். அமெரிக்க ஹெவிவெயிட் வீரர் ஜோ லூயிஸ் ஜாப் போட்ட பிறகு இடது கையைத் தாழ்த்துவதை ஜெர்மன் வீரர் மேக்ஸ் ஷ்மெலிங் படச்சுருள்களில் கவனித்து வைத்திருந்தார். 1936 ஜூனில் அந்த இடைவெளியில் வலது கையை விட்டுக்கொண்டே இருந்து, 12-ஆவது ரவுண்டில் லூயிஸை நாக்அவுட் செய்தார். லூயிஸின் உடம்பு அதைத் தன்னிச்சையாகச் செய்துகொண்டிருந்தது, அதுதான் சிக்கல். உங்கள் ஸ்பாரிங்கை ஒருமுறை போனில் பதிவு செய்து பாருங்கள். நான் பார்த்தபோது, ஒவ்வொரு ஹூக்குக்கு (பக்கவாட்டில் வளைத்துப் போடும் குத்து) முன்னும் வாயைத் திறந்துகொண்டிருந்தேன்!

ரவுண்டு நடக்கும்போது மனசுக்குள் வாக்கியம் ஓடக் கூடாது, 'கை மேலே', 'மூச்சு விடு' போல இரண்டு சொல் போதும். இடைவேளை ஒரு நிமிடம்தான், அதில் முதல் இருபது நொடி மூச்சுக்கு. மிச்ச நேரத்தில் கோச் ஒரே ஒரு விஷயம் சொல்லட்டும். ஐந்து சொன்னால் ஒன்றும் தங்காது, எனக்குத் தங்கியதில்லை.

பலமாக அடிபட்டால் என்ன செய்வது என்பதைப் போட்டிக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். நான் கிளிஞ்சைத்தான் (எதிராளியைக் கட்டிப் பிடித்துக்கொள்வது) பழக்கி வைத்திருந்தேன், ஏனென்றால் அந்த நொடியில் யோசிக்கத் தலை இருக்காது. பயிற்சியில் தலை கிறுகிறுத்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும், இதில் பேரமே கிடையாது.

ஸ்பாரிங் மணி அடித்ததும், க்ளவுஸைக் கழற்றுவதற்கு முன், பையன்களிடம் ஒன்று கேட்பேன்: "உன் ஜாப்புக்கு அவன் என்ன பண்ணினான்?" பதில் வந்தால் தண்ணீர் குடிக்கப் போகலாம். விழித்தால், அதே ஆளோடு பாதி வேகத்தில் இன்னொரு ரவுண்டு.