கால்வாய்க் கரைதானே என்று கிளம்பாதீர்கள்: துலூஸிலிருந்து செட் வரை சைக்கிளில் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தென் பிரான்ஸில் துலூஸ் நகரத்திலிருந்து மத்தியதரைக் கடலோரத் துறைமுகமான செட்டுக்குப் பக்கம் வரை 240 கி.மீ. நீளத்துக்கு ஓடுகிறது கனால் துய் மிதி. பியேர்-போல் ரிக்கே 1666இல் தொடங்கிய கால்வாய் இது. அவர் 1680இல் இறந்தார். மறு ஆண்டு வேலை முடிந்தது. கார்கஸோனைத் தாண்டினால் மினெர்வுவா, கோர்பியெர் திராட்சைத் தோட்டங்கள் இரு பக்கமும் வந்துவிடும். வழியிலேயே உயரமான இடமான நோரூஸ் கடல் மட்டத்திலிருந்து 189 மீட்டர்தான். துலூஸிலிருந்து அங்கே போக அறுபது மீட்டர்கூட ஏற வேண்டாம்.

இந்த எண்ணைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஏற்றம் இல்லையே, ஒரு நாளைக்கு 80 கி.மீ. போட்டால் மூன்று நாளில் கடல் என்று கணக்குப் போட்டு அறைகளையும் பதிவு செய்துவிடுகிறார்கள். இந்தப் பாதையில் வேகத்தைத் தீர்மானிப்பவை தரையும் காற்றும் கடை மூடும் நேரமும்.

முதல் ஐம்பது கிலோமீட்டரை நம்புவது

துலூஸிலிருந்து போர்-லொராகே வரை ஏறக்குறைய 50 கி.மீ. நல்ல தார்ப் பாதை. சுமையோடும் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் கடந்துவிடலாம். அதைத் தாண்டி ஓட் மாவட்டத்துக்குள் நுழைந்ததும் தார் முடிந்து, சரளையும் மண்ணும் தொடங்கும். சில பகுதிகளைச் சரளை கொட்டி இறுக்கிச் சீராக்கியிருக்கிறார்கள். ஆனால் த்ரெப் ஊரைத் தாண்டினால் பல இடங்களில் ஒற்றையடிப் பாதைதான். குறுக்கே, கரையில் நிழலுக்காக நட்ட பிளாத்தான் மரங்களின் வேர்கள் புடைத்துக் கிடக்கும். அங்கே மணிக்கு 10–12 கி.மீ. போனாலே நல்ல வேகம். ஆகவே முதல் நாள் 60 வைத்தாலும், பிறகு நாளுக்கு 45–50 கி.மீ. என்று வைத்து, மொத்தம் ஐந்து அல்லது ஆறு நாள் ஒதுக்குங்கள்.

மழை பெய்த மறுநாள் மண் பாதையில் இறங்குவது தனித் தவறு. களிமண் டயரில் ஒட்டி, மட்கார்டுக்குள் போய் அடைத்து, சக்கரத்தையே நிறுத்திவிடும். குச்சியால் நோண்டிக்கொண்டே போக வேண்டியதுதான். கால்வாய்க்கு இணையாக ஊர்களை இணைக்கும் சின்னத் தார்ச் சாலைகள் உண்டு. வரைபடத்தில் ‘D’ என்ற எழுத்தோடு எண் போட்டிருக்கும். ஒரு நாள் அதில் போய்விட்டு, மண் காய்ந்ததும் கரைக்குத் திரும்பலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

28 மி.மீ. டயரோடு வருகிறவர்கள் நோரூஸ் வரை சிரித்துக்கொண்டே போவார்கள். அதற்கு மேல் கை மரத்துப்போகும். குறைந்தது 38 மி.மீ., முடிந்தால் 42. காற்றை நிறைய அடித்து வைப்பதும் தப்பு. வேர்மேல் சக்கரம் துள்ளி, பிடிமானம் போகும். ஆளும் வண்டியும் மூட்டையும் சேர்ந்து 110 கிலோ என்றால், 40 மி.மீ. டயரில் பின்னால் 3.5 பார், முன்னால் 3 பார் போதும். பிரான்ஸில் பம்புகள் பெரும்பாலும் பாரில் காட்டும். ஒரு பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. ரொம்பவும் இறக்கிவிட்டால் வேரில் மோதும்போது ரிம்முக்கும் வேருக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல இரட்டை ஓட்டை விழும்.

இன்னொரு எதிரி நமக்குப் பழக்கமானதுதான்: நெருஞ்சி. நம்மூரில் காலில் குத்தும் அதே செடி மத்தியதரைப் பகுதியிலும் உண்டு. கோடையில் காய்ந்த முள் பாதையோரப் புல்லில் உதிர்ந்து கிடக்கும். எதிரே வருபவருக்கு வழிவிட ஓரம் ஒதுங்கும்போதும், சாப்பிட உட்காரச் சைக்கிளைப் புல்லில் சாய்க்கும்போதும்தான் ஏறிக்கொள்ளும். பஞ்சர் ஆனதும் ட்யூபை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டுவது வழக்கமான பிழை. முள்ளின் நுனி டயருக்குள்ளேயே நிற்கும்; பத்து நிமிடத்தில் புது ட்யூபும் போகும். டயரின் உள்பக்கத்தை ஒரு துணியால் சுற்றித் துடையுங்கள், நுனி துணியில் மாட்டும். இரண்டு ட்யூப், ஒட்டுப் பொட்டலம், நெம்புகோல் இரண்டு: இதற்குக் குறையக் கூடாது. வாடகைச் சைக்கிள் என்றால், வால்வு எந்த வகை, தரும் பம்பு அதற்குப் பொருந்துமா என்று கடையிலேயே அடித்துப் பாருங்கள்.

வேர்களின் அதிர்வில் கேரியர் திருகுகள் மெல்லக் கழன்றுவரும். அவை பெரும்பாலும் 5 மி.மீ. திருகுகள், 4 மி.மீ. ஆலன் கீ வேண்டும். தினமும் மாலையில் ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். உதிரியாக நான்கு திருகும் பிளாஸ்டிக் கட்டுப் பட்டைகளும் வைத்திருங்கள். மூட்டை 15 கிலோவைத் தாண்டினால் பின்சக்கர ஸ்போக் உடையும் வாய்ப்பு கூடும். சைக்கிள் கடைகள் கார்கஸோன், பெஸியே போன்ற பெரிய ஊர்களில்தான். ஞாயிறும் திங்களும் பல கடைகள் திறக்காது.

வளைவும் காற்றும்

படகுகளை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் மதகுகள் கால்வாயில் உண்டு. ஆனால் ஆர்ழான் மதகிலிருந்து, மதகுகள் படிபோல அடுக்கியிருக்கும் ஃபோன்செரான் வரை 54 கி.மீ. தூரத்துக்கு மதகே கிடையாது. நீர்மட்டத்தை மாற்றாமல் இருக்க, கால்வாய் குன்றுகளின் இடுப்பைச் சுற்றி நெளிந்து நெளிந்து போகிறது. சாலைப் பலகையில் பக்கத்தில் இருப்பதாகக் காட்டும் ஊர், கரையில் போனால் ஒன்றரை மடங்குத் தூரம் ஆகலாம். தண்ணீரும் சாப்பாடும் சாலைத் தூரத்தை வைத்துத் திட்டமிடுகிறவர்கள் கப்பெஸ்தாங் வருவதற்குள் காய்ந்துபோகிறார்கள்.

காற்றும் இங்கேதான் விளையாடும். கார்கஸோன், நார்போன் பக்கம் மேற்கு–வடமேற்கிலிருந்து வீசும் காற்றுக்கு செர்ஸ் என்று பெயர். அது பலமாக வீசும் நாளில் எதிர்த்துப் போனால் சமதரையே மலை. துலூஸிலிருந்து கடலை நோக்கிப் போனால் அது பெரும்பாலும் முதுகில் இருக்கும். கடலோரப் பக்கத்து ஊருக்கு விமான டிக்கெட் மலிவு என்று செட்டிலிருந்து தொடங்கி மேற்கே வருவது இதனால்தான் நல்ல யோசனை இல்லை. கடலிலிருந்து ஈரத்தோடு வரும் மரேன் காற்று மழையைக் கொண்டுவரும். அது எழும் நாளில் கிழக்கே போகிறவர்களுக்கும் சோதனைதான்.

பழைய படங்களில் உள்ள நிழல்

இரு கரையிலும் கூரைபோலக் கவிந்த மரங்களை நம்பி ஜூலை, ஆகஸ்டில் போகாதீர்கள். கரையோரம் 42,000 அளவுக்குப் பிளாத்தான் மரங்கள் இருந்தன. 2006இல் ஒரு பூஞ்சை நோய் கண்டறியப்பட்டது. மருந்து இல்லாததால் பல்லாயிரம் மரங்களை வெட்டி எரித்துவிட்டார்கள். புதுக் கன்றுகள் இன்னும் நிழல் தரும் வயதுக்கு வரவில்லை. மொட்டைக் கரையில் 35 டிகிரி வெயிலில் நான்கு மணி நேரம் ஓட்டுவது வேறு அனுபவம். மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். (மரத்தில் சங்கிலி போட்டுச் சைக்கிளைப் பூட்டிப் பட்டையைக் கீறாதீர்கள், நோய் காயத்தின் வழியாகத்தான் நுழைகிறது.)

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். ஊர்க் குழாயில் ‘ஓ போத்தாப்ள்’ (Eau potable) என்று எழுதியிருந்தால் குடிக்கலாம்; நடுவில் ‘நோன்’ (non) சேர்ந்திருந்தால் குடிக்கக் கூடாது. ஊருக்கு வெளியே தண்ணீர் தேடுகிறவர்கள் கல்லறைத் தோட்டத்தைப் பார்ப்பார்கள், அங்கே குழாய் இருக்கும். பலகையைப் படித்துவிட்டுப் பிடியுங்கள்.

பன்னிரண்டு மணி

சிற்றூர்க் கடைகள் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு மூடினால் மூன்று மணி வரைகூடத் திறக்காது. உணவகங்களில் மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை. இரண்டு மணிக்குப் போய் நின்றால் கையை விரித்துவிடுவார்கள். ரொட்டிக் கடைக்கும் வாரத்தில் ஒருநாள் விடுமுறை, பல ஊர்களில் அது திங்கள். ஞாயிறு மதியத்துக்குப் பின் எதுவும் கிடைக்காது. மே 1, மே 8, ஜூலை 14, ஆகஸ்ட் 15 ஆகியவை பொது விடுமுறை. காலை பத்து மணிக்குள் ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் வாங்கிப் பையில் போட்டுவிட்டால் கவலை இல்லை.

தங்கும் வீடுகளில் இரவுச் சாப்பாடு வேண்டுமானால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வந்தபின் கேட்டால் கிடையாது. சைவம் சாப்பிடுகிறவர்கள் பதிவு செய்யும்போதே இறைச்சி, மீன், கோழி மூன்றும் வேண்டாம் என்று தனித்தனியாக எழுதுங்கள். காஸ்டெல்நோதாரியின் பெருமையான கசூலே பார்க்க மொச்சைக் குழம்புபோல இருக்கும். உள்ளே வாத்தும் பன்றியும் இருக்கும்.

ஒயின் கூடங்களில்

முன்னறிவிப்பு இல்லாமல் போய்க் கதவைத் தட்டுவது முதல் பிழை. சிறு தோட்டங்களில் விற்பவரும் டிராக்டர் ஓட்டுபவரும் ஒருவரே. முந்தின நாள் ஒரு போன் போதும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து அறுவடை. அப்போது பலர் பார்வையாளர்களை ஏற்க மாட்டார்கள். அந்தச் சமயம் ஊர்க் கூட்டுறவு ஒயின் கூடம்தான் கைகொடுக்கும்.

‘வாய் நனைக்கத்தானே’ என்று ஆறு வகையைக் குடித்தால், ஒரு வகைக்கு 40 மி.லி. வைத்தாலும் 240 மி.லி. ஆகிறது. இரண்டு கோப்பைக்கு மேல்! இங்கத்து ஒயினில் 13, 14 சதவீதச் சாராயம். லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் என்ற வரம்பு பிரான்ஸில் சைக்கிள் ஓட்டுபவருக்கும் உண்டு. சட்டத்தை விடுங்கள், ஒரு பக்கம் தண்ணீர், கீழே வேர். மேசைமேல் துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்பினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், விவரம் தெரிந்தவர் என்றுதான் நினைப்பார்கள்.

பாட்டில் வாங்கிப் பையில் அடைப்பதும் வேண்டாம். 75 செ.லி. பாட்டில் ஒன்றே 1.2 கிலோவுக்கு மேல். வெயிலில் பைக்குள் ஒயினும் கெட்டுவிடும். அன்று மாலைக்கு ஒன்று போதும்.

ஓம்ப்ஸிலிருந்து மினெர்வ் ஊருக்குப் போகிறவர்கள், அது கால்வாய் அல்ல, ஏற்றம் என்பதை நினைவில் வையுங்கள். மூட்டையைத் தங்குமிடத்தில் விட்டுவிட்டுப் போங்கள். தோட்டங்களுக்கு நடுவே மருந்து தெளிக்கும் டிராக்டரைக் கண்டால் நின்று, கடந்துபோன பின் நகருங்கள்.

பாதை முடிவது செட்டில் அல்ல

கால்வாய் மர்செயானுக்குப் பக்கத்தில், சின்னக் கலங்கரை விளக்கம் இருக்கும் இடத்தில், தோ காயலுக்குள் கலந்துவிடுகிறது. செட் ரயில் நிலையம் அங்கிருந்து இன்னும் பதினைந்து கி.மீ.க்கு மேல். காயலுக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணல் திட்டில் சைக்கிள் பாதை போகிறது. எதிர்க்காற்று அடித்தால் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கால்வாய் முடிந்ததும் ரயிலைப் பிடிக்கலாம் என்று மாலை டிக்கெட் எடுத்தவர்கள் இங்கேதான் தவறவிடுகிறார்கள்.

திரும்பும்போது வட்டார ரயில்களில் சைக்கிளை அப்படியே ஏற்றலாம், ஆனால் கொக்கிகள் சில மட்டுமே. கோடை வார இறுதியில் மாலை ரயில் நிரம்பிவிடும். காலை முதல் ரயில்களில் இடம் இருக்கும். மார்செய்–போர்தோ நெடுந்தூர ரயிலில் சைக்கிளுக்குத் தனியே முன்பதிவு வேண்டும். அதிவேக ரயில் என்றால் சக்கரங்களைக் கழற்றி உறைப்பையில் போட வேண்டியிருக்கலாம், அதற்கான பையைத் தொடக்கத்திலேயே கொண்டுவந்திருக்க வேண்டும். பிளாட்பாரத்தில் மூட்டைகளை முன்பே கழற்றித் தயாராக நில்லுங்கள். சிறு நிலையங்களில் ரயில் ஒரு நிமிடம்தான் நிற்கும்.