தெருவுக்கு மூடி, முற்றத்துக்குத் திறக்கும் கான்கிரீட் வீட்டைத் திட்டமிடுவது எப்படி?

பூச்சில்லாத கான்கிரீட் சுவரை வார்த்த பிறகு தடயமின்றித் திருத்த முடியாது. ஆகவே ஜன்னல்களைக் குறிப்பதற்கு முன், வெளியாட்கள் எங்கெங்கிருந்து பார்க்க முடியும் என்பதை வரைந்துகொள்ள வேண்டும். நிற்பவரின் கண்மட்டத்தைச் சுமார் 1.5 மீட்டராகக் கொண்டு, தெருவிலிருந்தும் பக்கத்து வீட்டு மாடியிலிருந்தும் குறுக்குவெட்டு வரைபடத்தில் நேர்கோடுகளை இழுத்துப் பாருங்கள். மதிலை உயர்த்தினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மாடியிலிருந்து விழும் பார்வையைப் பெரும்பாலும் முற்றத்தின் மேல் நீளும் கூரையும் மரக்கிளையுமே மறைக்கும்.

ஜப்பானியக் கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ ஒசாகா நகரில் 1976இல் கட்டி முடித்த சிறு வீடு இவ்வகையில் நல்ல பாடம்: தெருப் பக்கம் வாசலைத் தவிர வேறு திறப்பில்லை, நீள்சதுரத்தை மூன்றாகப் பிரித்து, நடுப்பகுதியை வானுக்குத் திறந்துவிட்டிருக்கிறார். ஆனால் அங்கே சாப்பாட்டு அறையிலிருந்து படுக்கையறைக்குப் போக, மழையிலும் முற்றத்தைக் கடந்தே ஆக வேண்டும். அந்தத் துறவு எல்லோருக்கும் ஒத்துவராது என்பதால், முற்றத்தின் ஒரு பக்கமாவது கூரையிட்ட நடைபாதை விடுவது நல்லது.

உள்ளும் வெளியும் ஒன்றெனத் தோன்றுவதற்குக் கண்ணாடியின் அளவைவிடத் தரைமட்டமே முக்கியம். நகரும் கதவின் தண்டவாளத்தைத் தரைக்குள் பதித்து, அதற்கு வெளியே கம்பி மூடியுள்ள நீர்க்கால்வாய் அமைத்து, முற்றத்தரைக்குக் கதவிலிருந்து விலகும் திசையில் நூற்றுக்கு ஒன்று என்ற சரிவாவது கொடுக்க வேண்டும். கதவுக்கு மேல் பீம் கீழே தொங்கினால் பார்வை அங்கேயே வெட்டுப்படும். பொறியாளரிடம் பேசி, அதைக் கூரைத்தளத்துக்கு மேலே எழும்பும்படி அமைத்தால், அறையின் கூரைத்தளம் அதே மட்டத்தில் வெளியே நீளும். குளிர்ப் பிரதேசங்களில் அப்படி நீளும் தளம் அறையின் வெப்பத்தை வெளியே கடத்திவிடும் என்பதால், இடையில் வெப்பத்தடுப்பு தேவை.

கான்கிரீட்டை வார்க்க அச்சாக நிறுத்தும் ஷட்டரிங் பலகையின் ஒவ்வொரு இணைப்பும் சுவரில் கோடாகப் பதியும் என்பதால், பலகைகளின் அடுக்கு முறையும் வரைபடத்தில் இருக்கட்டும். மின்குழாய்கள், சுவிட்சுப் பெட்டிகள், தண்ணீர்க் குழாய்கள் யாவும் வார்ப்புக்கு முன்பே இடம்பெற வேண்டும். முதலில் ஒரு மாதிரிச் சுவரை வார்த்து நிறத்தையும் மூலைகளையும் பாருங்கள். கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் சரியாக எட்டாத இடத்தில் ஜல்லி தேன்கூடுபோல் வெளித்தெரியும். வார்த்த சுவரில் குறைந்தது 7 நாட்கள் ஈரம் காக்க வேண்டும். நீளும் கூரையின் அடியில், விளிம்பை ஒட்டி ஒரு சிறு காடி (நீளப் பள்ளம்) விட்டால், மழைநீர் சுவரில் கறையாக வழியாமல் அங்கேயே சொட்டிவிடும்.